பதினோராம் நம்பர் கட்டிலின் பாட்டில்

போன மாதம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நான் ஒரு பொய் சொன்னேன். முப்பத்தைந்து வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள் சொல்லக் கூடாத பொய்.

நெஞ்சுவலி என்று பம்பாய் செம்பூரில் என் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு, சாயம் ஏற்றி, அடைப்பைத் திறந்தார்கள். மறுநாள் காலை டாக்டர் வந்தார். "ஹார்ட் ஓகே ஆன்ட்டி. இந்த வயசுல இனிமே கிட்னியைத்தான் கவனிக்கணும். பிரஷர் ரொம்ப இறங்கிடுச்சு, சாயமும் போயிருக்கு. யூரின் சரியா வரலைன்னா டயாலிசிஸ் பத்தி யோசிக்கணும்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த போனைப் பார்த்தபடியே அடுத்த கட்டிலுக்குப் போனார்.

மத்தியானம் நர்ஸ் பெண் தாளோடு வந்தாள். "எவ்ளோ போனீங்க ஆன்ட்டி?"

பாத்ரூமில் அளவு ஜாடி இருந்தது. நானே அளந்து பார்த்திருந்தேன். தொண்ணூறு மில்லி.

"இருநூத்தம்பது" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டு போனாள். ஜாடியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளைத் திட்ட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. பிறகுதான் உறைத்தது, பொய் சொன்னவள் நான். பத்து நிமிடம் தாங்கவில்லை. மணியை அடித்துக் கூப்பிட்டேன்.

"நான் சொன்னது பொய். தொண்ணூறுதான். அடிச்சுட்டு மறுபடி எழுது."

அவள் சிரித்துவிட்டாள். "ஏன் ஆன்ட்டி இப்படி?"

"பயம்" என்றேன்.

அந்தச் சொல் வாயிலிருந்து வந்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. இதயத்தால் வந்த வியர்வை இல்லை. ஐம்பது வருடங்களுக்கு முன்னால் நான் ஒரு காகிதத்தில் எழுதியிருக்க வேண்டிய சொல் அது. எழுதாமல் விட்ட சொல்.

எங்கள் ஓய்வுபெற்ற நர்ஸ்கள் சங்கத்தின் மலருக்குச் 'சேவை அனுபவம்' எழுதச் சொல்லி மூன்று வருடமாகப் போன் செய்கிறார்கள். சேவையாவது ஒன்றாவது. சம்பளத்துக்கு வேலை செய்தேன். மற்றவர்கள் மாலை போட்ட போட்டோவோடு எழுதும் கட்டுரை எனக்கு வராது. இதை எழுதுகிறேன். வேண்டுமென்றால் போடுங்கள்.

திருநெல்வேலிப் பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் மூன்றரை வருடம் படித்தேன். ஜெபம், படிப்பு, கழிவுப் பாத்திரம் கழுவுவது, திட்டு வாங்குவது. அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. தாராவியில் சித்தப்பா இருந்தார். அவர் சொல்லி ரயிலேறினேன். அறுபதுகளின் ஆரம்பத்தில் பம்பாயில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஆண்கள் மெடிக்கல் வார்டு. நாற்பது கட்டில்கள். பகல் ஷிஃப்டில் இரண்டு நர்ஸ்கள். மேலே வார்டு பொறுப்பு சிஸ்டர் பெரேரா. கோவாக்காரி.

பெரேரா சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அதுதான் பயம். காலையில் ஒவ்வொரு கட்டிலாக வருவாள். முதலில் நோயாளியின் முகத்தைப் பார்க்க மாட்டாள். குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்ப்பாள். அங்கே சிறுநீர் பாட்டில் இருக்கும். வாய் சாய்ந்த கண்ணாடி பாட்டில். அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். மூக்கின் அருகே கொண்டுபோவாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளாலும் பாட்டிலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள், டீ டம்ளரைப் பிடிப்பது போல. வாந்தி வரும் எனக்கு. அவளுக்குப் பின்னால் நின்று அதைச் செய்து காட்டி மற்ற நர்ஸைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

அவள் வைத்த விதிகள் இரண்டு. நோயாளி சிறுநீர் கழித்த உடனே, சூடு ஆறுவதற்குள், நர்ஸ் பாட்டிலை எடுத்துப்போய் அளவு ஜாடியில் ஊற்றி அளக்க வேண்டும். இது முதல் விதி. நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர், யாரால் முடியும்? பாட்டில் ஒரு மணி நேரம் கட்டிலுக்கடியில் கிடக்கும். நேரம் கிடைக்கும்போது எடுப்போம். இரண்டாவது விதி, தாளில் தவறாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, மை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு. பழைய எழுத்து படிக்கும்படி இருக்க வேண்டும். கீழே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். "தப்பு செய்தது தெரியட்டும். தப்பை மறைக்கிற இடத்தில்தான் ஆட்கள் சாகிறார்கள்" என்பாள். இதை அவள் இங்கிலீஷில் சொல்வாள். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். செல்லையாவைக் கொண்டுவந்து பதினோராம் கட்டிலில் போட்டார்கள். அறுபத்திரண்டு வயது. தாராவியில் தோல் பதனிடும் இடத்தில் மேஸ்திரி. டாக்ஸியில் பின் ஸீட்டில் சாய்த்துக் கொண்டு வந்திருந்தார்கள். உடம்பெல்லாம் குளிர்ந்த வியர்வை, உதடு சாம்பல் நிறம். தோல் வாசனை வார்டு முழுக்கப் பரவியது. மார்படைப்பு. ரத்த அழுத்தம் எழுபது. அதுவும் கஷ்டப்பட்டுக் கேட்டால்தான் காதில் விழுந்தது.

அப்போது இந்த அடைப்புத் திறக்கும் குழாயெல்லாம் கிடையாது. வலிக்கு ஊசி, ஆக்ஸிஜன், அழுத்தத்தை ஏற்றும் மருந்து கலந்த டிரிப், மூன்று வாரம் அசையாமல் படுக்கை. அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்தேன். எழுபது, எழுபத்திரண்டு, அறுபத்தெட்டு. சாயங்காலம் வரை அப்படியே. மறுநாள் காலையில்தான் நூறு தொட்டது.

எங்கள் வார்டு டாக்டர் பாட்கர், சின்ன வயதுக்காரர், தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதயம் பிழைத்தது. இனி கிட்னியைப் பார். வயதானவர்களுக்கு இத்தனை மணி நேரம் ரத்தம் சரியாகப் போகாமல் இருந்தால் கிட்னி நின்றுவிடும். மார்படைப்பில் சாகாதவன் அதில் சாவான். பேஷாப் கித்னா?"

எல்லா ரவுண்டிலும் அதுதான் அவர் கேள்வி. பேஷாப் கித்னா, எவ்வளவு சிறுநீர். முதல் நாள் முழுவதும் சேர்த்து ஒன்றரை டம்ளர்கூட இல்லை.

செல்லையாவுக்கு இந்தி வராது. இருபது வருடம் தாராவியில் இருந்தும், சுற்றிலும் நம் ஊர்க்காரர்களே இருந்ததால் வரவில்லை. அதனால் அவர் மனைவி பாக்கியம் பகலில் கூட இருக்கப் பாஸ் கொடுத்தார்கள். ஒல்லியான பெண்பிள்ளை, ஐம்பது வயதுக்கு மேல். காய்கறி வாங்கும் அளவுக்கு இந்தி தெரியும். வார்டில் தமிழ் பேசும் நர்ஸ் நான் ஒருத்திதான். என்னைக் கண்டதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நம்மூருப் பிள்ளையா நீங்க? ஆண்டவர்தான் அனுப்பியிருக்காரு. இங்க இவனுவ பேசுதது ஒண்ணும் வெளங்க மாட்டேங்கி."

"கையை விடுங்க. வேலை கிடக்கு" என்றேன். அப்போது நான் அப்படித்தான். இப்போதும் அப்படித்தான்.

கணவருக்குப் பாட்டில் வைத்து எடுப்பதைப் பாக்கியமே செய்தாள். எங்களுக்கும் அது சௌகரியம். இரண்டாம் நாள் காலையில் நான் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம், கறுத்த டீ நிறத்தில். எனக்கு எரிச்சல். ராத்திரி ஷிஃப்ட் நர்ஸ் வராமல் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்திருந்தேன். ஒரு பிளாஸ்டர் துண்டைக் கிழித்துப் பாட்டிலின் பாதிக்குமேல் ஒட்டினேன்.

"இங்க பாருங்கம்மா. இந்தக் கோடு தெரியுதா? ஒவ்வொரு தடவையும் இதுவரைக்கும் வரணும். வரலைன்னா டாக்டர் அடியில குழாய் சொருகிடுவாரு. அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

"குழாயா?"

"ஆமா, ரப்பர் குழாய்."

அவள் முகம் எப்படி மாறியது என்று நான் பார்க்கவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். அவர்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒருவர் ஏதோ ஆஸ்பத்திரியில் அப்படிக் குழாய் போட்டு, குளிர் காய்ச்சல் கண்டு, ஒரு வாரத்தில் பிணமாகத் திரும்பி வந்திருந்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. கேட்டிருந்தால் அப்போதே சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை. டாக்டர் குழாயைப் பற்றிப் பேசவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது என் வாயில் வந்த மிரட்டல். வேலை நடக்க அப்படி மிரட்டுவோம்.

மூன்றாம் நாள் பாட்டில் பிளாஸ்டர் வரைக்கும் இருந்தது. நிறமும் வெளுத்திருந்தது. நான்காம் நாளும் அப்படியே. நான் அளந்தேன், எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். பெரேரா அந்த இரண்டு நாளும் காய்ச்சலில் லீவு. டாக்டர் பாட்கருக்குச் சந்தோஷம். "கிட்னி திறந்துவிட்டது" என்றார். இனி ஆரஞ்சு ஜூஸ், இளநீர் எல்லாம் கொடுக்கலாம், டிரிப்பையும் கொஞ்சம் கூட்டலாம் என்று எழுதினார். பாக்கியம் மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து இளநீர் வரவழைத்துக் கொடுத்தாள். நான் அவளிடம், "பாத்தீங்களா, சொன்னா நடக்குதுல்ல?" என்றேன். பெருமையாகச் சொன்னேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்தாம் நாள் காலை செல்லையாவுக்கு விக்கல். நிற்கவே இல்லை. கண் இமைகள் தடித்திருந்தன. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, என்னை யாரோ என்பது போலப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். வாயில் ஒரு மாதிரி வாடை. எனக்கு உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று அடித்துக்கொண்டது. ஆனால் தாளில் என் கையெழுத்தோடு நல்ல அளவு இருந்தது. தாள் நன்றாக இருக்கும்போது நோயாளியை நம்புவது கஷ்டம். காலில் வீக்கம் தெரிந்ததால் நீரை இறக்க ஒரு ஊசி எழுதியிருந்தார் டாக்டர். அந்தக் காலத்து ஊசி, பாதரசம் சேர்ந்தது. கிட்னி நன்றாக வேலை செய்கிறவனுக்குத்தான் போடலாம். நின்றுபோன கிட்னியில் அது விஷம்.

பத்து மணிக்கு மருந்தை ஊசியில் ஏற்றி, தட்டில் வைத்துக்கொண்டு போனேன். பாக்கியம் அவசரமாக எழுந்தாள்.

"இப்பத்தான் ஒண்ணுக்குப் போனாவ நர்ஸம்மா. நெறையவே போனாவ."

தட்டை வைக்க இடம் வேண்டியிருந்தது. கட்டில் பக்கத்து ஸ்டூலில் பாட்டில் இருந்தது. நகர்த்துவதற்காக இடது கையால் அதைப் பிடித்தேன்.

பாட்டில் ஜில்லென்று இருந்தது.

என்ன தப்பு என்று புத்திக்கு எட்டும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது. இன்னொரு கையையும் வைத்துப் பொத்திப் பிடித்தேன், பெரேரா பிடிப்பது போல. உடம்பிலிருந்து இப்போதுதான் வந்தது என்றால் வெதுவெதுவென்று இருக்க வேண்டும். இது மண்பானைத் தண்ணீரின் குளிர்ச்சி. கட்டிலுக்குப் பின்னால், சுவரோரமாக, பாக்கியம் கொண்டுவந்து வைத்த மண்கூஜா இருந்தது. அதன் மேல் கவிழ்த்த டம்ளர் ஈரமாக இருந்தது.

ஊசியைத் தட்டோடு எடுத்துக்கொண்டு கழுவும் அறைக்கு ஓடினேன். சிறுநீரின் அடர்த்தி பார்க்க ஒரு கண்ணாடி மிதவை உண்டு. டாக்டர் கேட்டால்தான் எடுப்போம். அதை எடுத்துப் போட்டேன். வெறும் தண்ணீரில் முங்குவது போலவே முங்கியது. ஊசியில் இருந்த மருந்தைத் தொட்டியில் பீய்ச்சினேன். அவசரத்தில் முழங்கைவரை தெறித்தது. இரண்டு நாள். இரண்டு நாளாக அந்த மனிதனுக்குள் ஜூஸும் இளநீரும் டிரிப்பும் போய்க்கொண்டிருக்கின்றன; வெளியே ஒன்றும் வரவில்லை; வந்ததாக நான் எழுதியிருக்கிறேன்.

டாக்டர் பாட்கர் ஓடி வந்தார். ரத்தம் எடுத்து அனுப்பினார். இதயத் துடிப்பை வரையும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். கோடுகள் கூம்புகூம்பாக நின்றன. இளநீரிலும் ஜூஸிலும் இருக்கும் உப்பு ஒன்று ரத்தத்தில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடும் என்றார். ஏதேதோ ஊசிகள் போட்டார். டிரிப்பைக் குறைத்தார். வாய் வழியாக ஒரு நாளைக்கு இரண்டு டம்ளருக்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்றார்.

பெரேரா அன்று மத்தியானம்தான் லீவு முடிந்து வந்தாள். பாக்கியத்தையும் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டாள். மேஜையில் சம்பவங்கள் எழுதும் பெரிய நோட்டுப் புத்தகம். அவளுக்குத் தமிழ் தெரியாது. இந்தியில் என்னிடம் சொன்னாள்: "ஏன் தண்ணீர் ஊற்றினாள் என்று கேள்."

நான் கேட்டேன். பாக்கியம் அழவில்லை. நேராக என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"நீங்கதான நர்ஸம்மா சொன்னிய, கோடு வரைக்கும் வரலன்னா குழாயச் சொருகிருவாவன்னு? எங்க தெருவுல அப்படித்தான் ஒருத்தரு செத்தாரு. அவியளுக்கு நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்னு நெனச்சு ஊத்துனேன். நா வேற என்னத்தச் செய்ய?"

பெரேரா பேனாவைத் திறந்தாள். "க்யா போல்தி ஹை?" என்ன சொல்கிறாள்?

அந்த வேலையில் நான் நிரந்தரம் ஆகியிருக்கவில்லை. ஊரில் அம்மா, இரண்டு தங்கைகள். இதெல்லாம் காரணம் என்று இப்போது அடுக்கலாம். அந்த நிமிடத்தில் ஒரு காரணமும் யோசிக்கவில்லை. வாய் தானாகப் பேசியது.

"படிப்பில்லாதவள் சிஸ்டர். தெரியாமல் செய்துவிட்டாள். மாஃப் கரோ என்கிறாள்."

மாஃப் கரோ என்றால் மன்னியுங்கள். பம்பாயில் ஒரு வார்த்தை இந்தி தெரியாதவர்களுக்கும் அது தெரியும். பிச்சைக்காரர்களை அனுப்பிவிட எல்லோரும் சொல்வது அதுதான். காய்கறிக்காரனோடு பேரம் பேசும் பாக்கியத்துக்கு அது தெரியாதா? தான் சொல்லாததை நான் சொன்னேன் என்று அவளுக்கு அந்த விநாடியே விளங்கிவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். அவள் வாயைத் திறந்து "நஹி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். வார்டில் அவள் கணவனிடம் தமிழ் பேச நான் ஒருத்திதான் இருந்தேன்.

பெரேரா நோட்டை என் பக்கம் திருப்பினாள். "நீயே எழுது." எழுதினேன்: அறியாமையால் நோயாளியின் மனைவி பாட்டிலில் தண்ணீர் கலந்தாள். கையெழுத்துப் போட்டேன். பெரேரா அதைப் படித்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குச் சந்தேகம் இருந்ததோ என்னவோ. பாக்கியத்தின் பாஸை வாங்கி மேஜைக்குள் போட்டாள். இனி வார்டுக்குள் வரக் கூடாது.

அதற்குப் பின் வந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்டால், ஒரு பாட்டிலைப் பார்த்தே கழித்தேன். பதினோராம் கட்டிலின் பாட்டிலை வேறு யாரையும் தொட விடவில்லை. எழுபது மில்லி. அறுபது. அடுத்த நாள் ஐம்பத்தைந்து. வயிற்றுக்குள் குழாய் விட்டு ரத்தத்தின் கழிவைக் கழுவி எடுக்கும் வைத்தியம் அப்போதுதான் சில இடங்களில் வந்திருந்தது. டாக்டர் பாட்கர் போன் செய்து கேட்டார். வயதானவர், மார்படைப்பு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். "இனி காத்திருப்பதுதான்" என்றார்.

செல்லையாவுக்குப் புத்தி தடுமாறியது. படுக்கை விரிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே, "லேய், தோலு காயுது, திருப்பிப் போடுங்கலே" என்பார். தெளிவு வரும்போது கேட்பது ஒன்றுதான்.

"அவள எங்க?"

"ஊருக்குத் தந்தி கொடுக்கப் போயிருக்காங்க."

"நேத்தும் தந்திக்குத்தான போயிருந்தா?"

நான் விக்கலுக்கு மருந்தைப் புகட்டுவேன்.

பாக்கியம் எங்கும் போகவில்லை. மாடிப்படியின் கடைசிப் படியில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பாள், மடியில் ஒரு துணிப்பையோடு. நான் ஷிஃப்டுக்கு வரும்போதும் போகும்போதும் அவளைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒவ்வொரு தடவையும், ஏன் மாற்றிச் சொன்னாய் என்று இன்று கேட்பாள், எல்லோர் முன்னாலும் கேட்பாள் என்று எண்ணிக்கொண்டே அவளை நெருங்குவேன். அவள் கேட்டது, "இன்னைக்கு எவ்வளவு நர்ஸம்மா?" நான் அளவைச் சொல்வேன். தலையை ஆட்டிக்கொள்வாள். அவ்வளவுதான்.

அவர் செத்துவிடுவார் என்று நான் முடிவே செய்துவிட்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். அவர் செத்தால் பாக்கியம் ஊருக்குப் போய்விடுவாள், இந்தப் படியில் உட்கார மாட்டாள் என்றுகூட ஒருமுறை நினைத்தேன். நினைத்த பிறகு கழுவும் அறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டேன்.

பதினோராம் நாள் காலை பாட்டிலை எடுத்தேன். கனமாக இருந்தது. இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தேன். சூடு. அளந்தேன். நூற்றெண்பது. கையோடு மிதவையையும் போட்டுப் பார்த்தேன், தண்ணீர் இல்லை. மத்தியானம் மறுபடி இருநூறு. டாக்டர் பாட்கர் ஜாடியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். நான் படிகளில் ஓடினேன். பாக்கியம் என்னைக் கண்டு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் ஓடி வந்ததைப் பார்த்து வேறு என்னவோ நினைத்துவிட்டாள்.

"வந்துருச்சு. காலையிலேருந்து முந்நூத்தெண்பது."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"நெசமாவா? நீங்க தண்ணி ஊத்தலியே?"

அவள் கேலி செய்தாளா, குத்தினாளா, உண்மையாகவே கேட்டாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மூன்றும் இருந்திருக்கலாம். கேட்ட பிறகுதான் அவள் அழுதாள்.

அடுத்த சில நாட்கள் பாட்டில் போதவில்லை. அடைத்தது எல்லாம் திறந்துகொண்டது போல மூன்று லிட்டர், மூன்றரை லிட்டர். அதுவும் ஆபத்துதான், உப்பெல்லாம் வெளியே போய்விடும். எந்த இளநீர் கொல்லப் பார்த்ததோ அதையே இப்போது கொடுக்கச் சொன்னார் டாக்டர். பெரேரா பாக்கியத்தின் பாஸைத் திருப்பிக் கொடுத்தாள். பாக்கியம் அதன்பிறகு பாட்டிலைத் தொடவே இல்லை. அவர் சிறுநீர் கழித்தால், "நர்ஸம்மா, நீங்களே வந்து எடுங்க, நா கை வைக்கல" என்று வார்டே கேட்கக் கூப்பிடுவாள்.

ஆறு வாரத்தில் செல்லையா வீட்டுக்குப் போனார்.

இங்கேயே நிறுத்தினால் சங்கத்து மலருக்கு நல்ல கட்டுரையாக இருக்கும். நிறுத்தப் போவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தப்பா வீட்டுக்குத் தாராவி போகும்போது அவர்களைப் பார்ப்பேன். செல்லையா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பார். என்னைக் கண்டால் தெருவே திரும்பும்படி சத்தமாகச் சொல்வார்: "வாங்க நர்ஸம்மா! வீட்டுக்காரி கொல்லப் பாத்தா, நீங்கதான் உசுரக் கொடுத்திய!" எல்லோரும் சிரிப்பார்கள். அவர் தங்கை எதிர்வீட்டில் இருந்தாள். அவள் சிரிக்க மாட்டாள். "மைனி தண்ணி ஊத்துறதுல கெட்டிக்காரி. பால்ல ஊத்துறது போதாதுன்னு பாட்டில்லயும் ஊத்திட்டா" என்பாள். பாக்கியத்துக்கு அந்தத் தெருவில் பெயரே மாறிவிட்டது. தண்ணி ஊத்தினவள் வீடு எது என்று கேட்டால் குழந்தைகள் கை காட்டும். சிரித்தவர்களோடு நானும் சிரித்துவிட்டு, அவள் கொடுத்த காப்பியைக் குடித்திருக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்துச் செல்லையாவுக்கு வேலை செய்யும் இடத்திலேயே மறுபடி மார்படைப்பு. ஆஸ்பத்திரிக்கு வந்து சேரவில்லை. கேள்விப்பட்டு மத்தியானம் போனேன். சின்ன வீடு, உடம்பைக் கிடத்தியிருந்தார்கள். சுற்றிப் பெண்கள். தங்கைக்காரி மார்பில் அடித்துக்கொண்டே பாக்கியத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"அன்னைக்கே கொல்லத்தான பாத்த? அந்தத் தண்ணிதான் எங்க அண்ணன உள்ள அரிச்சு அரிச்சுக் கொன்னுட்டு. இப்பச் சந்தோசமா?"

கூட்டத்தில் யாரோ, "நர்ஸம்மா வந்திருக்காவ, கேளுங்க" என்றார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீரால் அவர் கிட்னி கெடவில்லை; அது மார்படைப்பு வந்த அன்றே கெட்டது; தண்ணீரால் எங்களுக்கு இரண்டு நாள் தெரியாமல் போனது, அவ்வளவுதான்; அந்தத் தண்ணீரை ஊற்ற வைத்ததும் நான்தான். இவ்வளவையும் சொல்ல எனக்குத் தமிழ் தெரியாதா? மொழிபெயர்க்கக்கூட யாரும் தேவையில்லை. என் வாய் திறக்கவில்லை.

பாக்கியம் எழுந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, செல்லையா வாசலில் போட்டு உட்காரும் அந்த ஸ்டூலை எடுத்து என் அருகே வைத்தாள்.

"உக்காருங்க நர்ஸம்மா. நின்னுகிட்டே வேல பாக்கிற ஆளு."

பிறகு நாத்தனாரைப் பார்த்து, "ஆமா, நாந்தான் ஊத்துனேன்" என்றாள். போய் மறுபடி அவர் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

பாக்கியம் அடுத்த வருடமே ஊருக்குப் போய்விட்டாள். அங்கேயே இறந்தாள் என்று கேள்விப்பட்டேன். நாத்தனாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்னும் தாராவியில் இருக்கிறார்கள். அந்தப் பெயர் இன்னும் அவர்கள் வீட்டில் புழங்குகிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு கல்யாணத்தில் என் காதாலேயே கேட்டேன். எப்போதும் போல ஐஸ்கிரீமைச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இந்த மலரைப் பார்க்கும் தாராவிக்காரர்கள் யாராவது இதை அவர்களிடம் கொண்டுபோக வேண்டும். அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது. வாசித்துக் காட்டுங்கள், இந்தியில் சொல்லுங்கள். இந்தத் தடவை சரியாகச் சொல்லுங்கள்.

அந்த நோட்டு எங்கே மக்கியதோ தெரியாது. பெரேரா வைத்த விதிப்படி இங்கே செய்கிறேன். அறியாமையால் நோயாளியின் மனைவி பாட்டிலில் தண்ணீர் கலந்தாள் என்ற வரியின் மேல் ஒரு கோடு போடுகிறேன். அழிக்கவில்லை. படிக்கும்படி இருக்கட்டும். கீழே எழுதுகிறேன்:

வார்டு நர்ஸ், டாக்டர் சொல்லாத குழாயைச் சொல்லிப் பயமுறுத்தினாள். பயத்தால் மனைவி தண்ணீர் கலந்தாள். கேட்டபோது மனைவி உண்மையைச் சொன்னாள். வார்டு நர்ஸ் அதை மாற்றிச் சொன்னாள். மனைவி மன்னிப்புக் கேட்கவில்லை.

கையெழுத்து: கிரேஸ், ஆண்கள் மெடிக்கல் வார்டு, பகல் ஷிஃப்ட்.